உறக்கத்தின் வாயிலில் தோன்றும் காட்சிகள்: அஞ்ச வேண்டியவை எவை?

இஷாத் தொழுகை முடிந்து, இராச் சாப்பாட்டையும் உண்டு, விளக்கை அணைத்துப் படுக்கையில் சாய்ந்த பின்னர் நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு வாயிலைக் கடந்து செல்கின்றோம். விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடையிலுள்ள அவ்வாயிலைக் கடக்க எடுக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆயினும் அச்சில நிமிடங்களில் மூடிய கண்களுக்குள்ளே நிறப் புள்ளிகள் மிதக்கின்றன. முன்பின் கண்டிராத முகங்கள் தோன்றி மறைகின்றன. யாரோ நம் பெயரைச் சொல்லி அழைப்பது போலக் கேட்கின்றது. படியொன்றில் கால் தவறியது போன்று உடல் தூக்கிப் போடுகின்றது. காலையில் எழும்போது இவற்றுட் பெரும்பாலானவை நினைவில் இருப்பதில்லை. நினைவில் இருப்பவற்றையும் நாம் எவரிடமும் கூறுவதில்லை.

நனவு, கனவு என இரு நிலைகளையும் ஓரெழுத்து வேறுபாட்டில் பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது. திருக்குறள் கனவுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கின்றது. கண்ணயர்தல், அரைத்தூக்கம், கோழித்தூக்கம் என உறக்கத்தின் தன்மைகளைப் பிரித்துக் கூறச் சொற்கள் உண்டு. ஆனால், உறங்கப் போகும் அத்தருணத்தில் காணும் காட்சிக்கென அன்றாடப் பேச்சில் நாம் ஒரு பெயரை வைத்திருக்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் மோரி 1848ஆம் ஆண்டில் இதனைத் தனியே ஆராய்ந்து, 'உறக்கத்துக்கு இட்டுச் செல்வது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஹிப்னகோஜிக்' எனப் பெயரிட்டார். உறக்கத்திலிருந்து விழிக்கும் வேளையில் தோன்றுவனவற்றுக்குப் பின்னர் பிரெடரிக் மயர்ஸ் என்ற ஆங்கிலேயர் வேறொரு பெயரைச் சூட்டினார். நாம் இக்கட்டுரையில் இரண்டையும் சேர்த்துத் 'துயில்வாயிற் காட்சிகள்' என்றே குறிப்பிடுவோம்.

பெயரில்லாத ஒன்றுக்கு வேறு பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதே நாம் இதனை எழுத முற்பட்டமைக்கான காரணமாகும். மருதமுனை முதல் பொத்துவில் வரையிலான எமது கரையோரத்தில், உறக்கத்தின் வாயிலில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் வெளியே கூறும் ஒருவருக்கு இரண்டு பெயர்களே காத்திருக்கின்றன. ஒன்று, ஜின் அல்லது பேய் பிடித்தவர் என்பது. மற்றையது, மூளை பிசகியவர் என்பது. இவ்விரு பெயர்களுக்கும் அஞ்சி மௌனமாக இருப்போர் எத்தனை பேர் என்பதை எவரும் கணக்கிட்டதில்லை. இம்மௌனத்தின் விலையைச் சிலர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செலுத்தி வருகின்றனர்.

முதலில் மூளையில் நிகழ்வது யாது எனப் பார்ப்போம். உறக்கம் என்பது மின்விளக்கை அணைப்பதைப் போல ஒரே கணத்தில் நிகழ்வதன்று. கண்களை மூடி ஓய்ந்திருக்கும்போது மூளையின் மின்னலைகள் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை வரையில் ஏறி இறங்குகின்றன. உறக்கம் நெருங்கும்போது அவை 4 முதல் 7 தடவை வரையிலான மெதுவான அலைகளாக மாறுகின்றன. ஆனால், மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக இம்மாற்றத்துக்கு உட்படுவதில்லை. கண், காது, தோல் ஆகியன அனுப்பும் செய்திகளை மூளையின் மேற்பரப்புக்குக் கடத்தும் தலமஸ் என்ற பகுதி முதலில் ஓய்ந்துவிடுகின்றது. மேற்பரப்போ மேலும் சில நிமிடங்கள் வரையில் விழித்திருக்கின்றது. மூளைக்குள் மின்வாய்கள் பொருத்தப்பட்ட நோயாளரிடம் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளவிட்டு 2010ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். வாயிற் காவலாளி உறங்கிவிட, வீட்டிலுள்ளோர் விழித்திருந்து, வெளியே கேட்கும் சிற்றோசைக்கெல்லாம் தாமே ஒரு கதையைக் கற்பித்துக்கொள்வதற்கு இதனை ஒப்பிடலாம். மின்விசிறியின் இரைச்சல் பேச்சொலியாகவும், தூரத்து மோட்டார் சைக்கிளின் ஓசை தேனீக் கூட்டமாகவும் உருமாறுவது இவ்வாறே.

இக்காட்சிகளுக்கான மூலப்பொருள் பெரும்பாலும் அன்றைய பகற் பொழுதிலிருந்தே எடுக்கப்படுகின்றது. நாள் முழுவதும் தறியில் இருந்த மருதமுனை நெசவாளி கண்களை மூடியதும் பாவு நூல்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. கடலுக்குச் சென்று மீண்டவர் தரையில் விரித்த பாயிலே கிடந்தும் தோணியின் அசைவை உணர்கின்றார். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலில் நின்றவர் கதிர்கள் சாய்வதைக் காண்கின்றார். இன்றைய பிள்ளைகளோ கைத்தொலைபேசித் திரையில் விரலால் தள்ளிவிட்ட படங்களைக் கண்களை மூடிய பின்னரும் தள்ளிக்கொண்டிருக்கின்றனர்.

அமெரிக்காவின் ஹாவர்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரொபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக நிறுவியது. மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் 'டெட்ரிஸ்' என்ற கணினி விளையாட்டைச் சிலரை மூன்று நாட்களில் ஏழு மணித்தியாலங்கள் விளையாடச் செய்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் உறங்கத் தொடங்கும் வேளையில் கட்டங்கள் விழுவதைக் கண்டதாகக் கூறினர். இதில் வியப்புக்குரிய விடயம் யாதெனில், மூளைப் பாதிப்பினால் புதிய நினைவுகளைச் சேமிக்க இயலாதிருந்த நோயாளருள் மூவரும் அதே காட்சியைக் கண்டமையாகும். தாம் அவ்விளையாட்டை விளையாடியதையே அவர்கள் மறந்திருந்தனர். மனிதன் மறந்துவிட்டதையும் உறக்கத்தின் வாயில் மறப்பதில்லை என்ற இவ்வுண்மையை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் கடலைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

இந்நிலை பயனற்றதுமன்று. பென்சீனின் வளைய அமைப்பை 1865இல் வெளியிட்ட ஜேர்மன் இரசாயனவியலாளர் கெக்குலே, நெருப்பருகே கண்ணயர்ந்திருந்தபோது தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கண்டதாக 1890ஆம் ஆண்டு உரையொன்றில் நினைவுகூர்ந்தார். புத்தாக்குநர் எடிசன் கையில் உலோகக் குண்டுகளைப் பிடித்தவாறு நாற்காலியில் உறங்குவார் என்றும், கண்ணயர்ந்ததும் அவை கீழே விழும் ஓசையில் விழித்து அவ்வேளை தோன்றிய எண்ணத்தைக் குறித்துக்கொள்வார் என்றும் கூறப்படுகின்றது. இக்கதையைப் பரிசோதிக்க விரும்பிய பாரிஸ் ஆய்வாளர்கள், மறைவான குறுக்குவழியொன்றைக் கொண்ட கணிதப் புதிரை 103 பேரிடம் கொடுத்து, இடையில் அவர்களை ஓய்வெடுக்கச் செய்தனர். 2021ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, உறக்கத்தின் முதற்படியில் 15 செக்கன்களாவது இருந்தவர்களுள் 83 சதவீதமானோர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தனர். விழித்தே இருந்தவர்களுள் 30 சதவீதமானோரே கண்டுபிடித்தனர். ஆழ்ந்த உறக்கத்துக்குச் சென்றவர்களுக்கோ அந்த நன்மை கிட்டவில்லை.

ஆகவே துயில்வாயிற் காட்சி என்பது தன்னளவில் நோயன்று. பிரித்தானியாவில் 4,972 பேரிடம் நடத்தப்பட்டு 1996இல் வெளியான ஆய்வில், உறங்கப் போகும் வேளையில் இத்தகைய அனுபவங்கள் தமக்கு ஏற்படுவதாக 37 சதவீதமானோர் தெரிவித்தனர். உடல் தூக்கிப் போடுவதைப் பத்துப் பேரில் ஆறேழு பேர் ஒரு தடவையேனும் அனுபவிக்கின்றனர். தலைக்குள்ளே குண்டு வெடித்தாற் போன்ற பேரோசை கேட்டுத் திடுக்கிட்டு எழுவோரும் உளர். வைத்தியர்கள் அதற்கெனத் தனிப்பெயர் வைத்திருக்கின்றனர். வலியின்றி ஒரு கணத்தில் மறையும் அவ்வோசை தீங்கற்றது என்றும் கூறுகின்றனர். உண்மையான வெடியோசைகளைக் கேட்டு வளர்ந்த எமது மக்கள் இதனை அறிந்திருப்பது அவசியமாகும். ஏனெனில், அந்த ஓசையைக் கேட்ட பின்னர் இரவு முழுவதும் கதவருகே விழித்திருந்தவர்களை நாம் அறிவோம்.

இவை எல்லாவற்றிலும் மனிதரைப் பெரிதும் அச்சுறுத்துவது பிறிதொன்றாகும். சுபஹுக்கு முந்திய வேளையில் ஒருவர் விழித்துக்கொள்கின்றார். அறையின் சுவரும் கூரையும் தெரிகின்றன. ஆனால் கையை அசைக்க முடியவில்லை, குரல் எழவில்லை, நெஞ்சின் மீது பாரமொன்று ஏறியிருக்கின்றது. வாயிலருகே கரிய உருவமொன்று நிற்கின்றது. கலிமாவைச் சொல்ல முயன்றும் நா அசைய மறுக்கின்றது. சில செக்கன்கள், சிலவேளை ஓரிரு நிமிடங்கள் சென்றதும் எல்லாம் விலகிவிடுகின்றன. 'பேய் அமுக்குகின்றது' என எமது மூத்தோர் கூறுவது இதனையே. வைத்திய அறிவியல் இதனை உறக்க முடக்கம் என அழைக்கின்றது.

இதன் இயங்குமுறை இன்று நன்கு அறியப்பட்டதாகும். கண்விழிகள் வேகமாக அசையும் உறக்கக் கட்டத்தைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1953ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்திலேயே வருகின்றன. கனவில் ஓடும் மனிதன் உண்மையாகவே எழுந்து ஓடிவிடாதிருக்க, மூளைத்தண்டு அவ்வேளையில் கை கால் தசைகளைத் தளர்த்திக் கட்டி வைக்கின்றது. இது இறைவன் மனித உடலுக்கு அளித்த பாதுகாப்பு எனலாம். சிலவேளைகளில் அறிவு விழித்துக்கொள்ள, அக்கட்டு மட்டும் அவிழத் தாமதிக்கின்றது. மூச்சுக்கான முதன்மைத் தசை தொடர்ந்து இயங்கினும் நெஞ்சின் ஏனைய தசைகள் தளர்ந்திருப்பதால் பாரம் ஏறியதாகத் தோன்றுகின்றது. அச்சம் விழித்த மூளையை ஆட்கொள்ள, எஞ்சிய கனவு திறந்த கண்களின் முன்னே உருவமெடுக்கின்றது. உறக்கக் குறைவு, ஒழுங்கற்ற உறக்க நேரம், மனவழுத்தம், மல்லாந்து படுத்தல் ஆகியன இதற்கு இடமளிப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, பொதுமக்களுள் 7.6 சதவீதமானோரும் மாணவர்களுள் 28.3 சதவீதமானோரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு உட்பட்டுள்ளனர். மாணவரிடையே இது கூடுதலாக இருப்பது ஏன் என்பதைப் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளை வளர்த்த பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

டென்மார்க்கையும் எகிப்தையும் ஒப்பிட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எமது கவனத்துக்கு உரியதாகும். ஆய்வுக்கு உட்பட்ட டென்மார்க் மக்களுள் 25 சதவீதமானோருக்கும் எகிப்தியருள் 44 சதவீதமானோருக்கும் இவ்வனுபவம் இருந்தது. எகிப்தில் அது நீண்ட நேரம் நீடித்தது. இறந்துவிடுவோமோ என்ற அச்சமும் அங்கே மிகுந்திருந்தது. அச்சம் உறக்கத்தைக் குலைக்கின்றது. குலைந்த உறக்கம் முடக்கத்தை மீண்டும் வரவழைக்கின்றது. மீண்டும் வந்த முடக்கம் அச்சத்தை உறுதிப்படுத்துகின்றது. இவ்வட்டத்தில் அகப்பட்டவருக்கு அதன் காரணத்தை எடுத்துரைப்பதே பாதி மருந்தாக அமையும் என்பது ஆய்வாளரின் கருத்தாகும்.

இவ்விளக்கம் மேற்குலகம் எமக்கு அண்மையில் கற்பித்த புதுமை என எவரும் கருத வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்து 983 அளவில் மறைந்த அக்வைனி புகாரி என்ற வைத்தியர், மாணவர்களுக்கென எழுதிய 'ஹிதாயத்' என்ற பாரசீக மொழி மருத்துவ நூலில் 'காபூஸ்' என்ற தலைப்பில் இந்நிலையை விவரித்துள்ளார். இரைப்பையிலிருந்து ஆவிகள் எழுந்து மூளையை அடைவதே காரணம் என்பது அவரது கருத்து. அக்காரணம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும், இரவில் நெஞ்சை அமுக்கும் அப்பாரத்துக்கு உடலிலேயே காரணத்தைத் தேடி, இலேசான உணவு முதலான சிகிச்சைகளையும் வகுத்த ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நாமோ இன்று எங்கே நிற்கின்றோம்? எமது கரையோர ஊரொன்றில் நாம் அறிந்த குடும்பமொன்றின் அனுபவத்தை இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமான மகளொருத்தி, இரவு ஒரு மணி வரை படிப்பதும் நான்கு மணிக்கு எழுவதுமாக மாதக்கணக்கில் இருந்தாள். ஒரு நாள் விடியற் புறத்தில் உடல் முடங்க, வாயிலில் ஓர் உருவத்தைக் கண்டு அலறினாள். அதன் பின்னர் தண்ணீர் ஓதப்பட்டது, நூல் கட்டப்பட்டது, தகட்டுக்கும் தாயத்துக்கும் உம்மாவின் காப்பு அடகு வைக்கப்பட்டது. ஊருக்குச் செய்தி பரவியதும் பேசி வைத்திருந்த சம்பந்தம் பேச்சோடு நின்றது. இறுதியில் அவளைப் பரிசோதித்த வைத்தியர் முதலாவதாகக் கேட்ட கேள்வி, "நாளைக்கு எத்தனை மணித்தியாலம் உறங்குகிறீர் மகள்?" என்பதாகும். அதுவரை அவளிடம் அக்கேள்வியை எவருமே கேட்டிருக்கவில்லை. தமிழ்க் கிராமங்களிலும் நிலைமை வேறன்று. அங்கே விபூதியும் கழிப்பும். இங்கே ஓதலும் தாயத்தும். மகளைக் காக்க வேண்டுமென்ற தாயின் பதைப்பு இரு பக்கமும் ஒன்றே.

ஜின்கள் உண்டு என்பது முஸ்லிம்களின் நம்பிக்கையின் ஒரு பகுதி. அதனை இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்தவில்லை. உறங்குமுன் ஆயத்துல் குர்ஸி ஓதுவதும், வுழூச் செய்து வலப்புறமாகச் சாய்ந்து படுப்பதும் நபிவழியாக நாம் பேணி வருபவை. மனதுக்கு அவை தரும் அமைதியை எந்த வைத்தியரும் மறுக்க மாட்டார். நாம் கூறுவது யாதெனில், ஜின்கள் உண்டு என்பதும் இரவில் நேரும் ஒவ்வொன்றும் ஜின்னின் செயல் என்பதும் ஒன்றல்ல என்பதே. கனவுகளை மூவகையாகப் பிரிக்கும் நபிமொழி, இறைவனிடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தானின் அச்சுறுத்தல் ஆகியவற்றோடு, மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வதையும் ஒரு வகையாகக் கொள்கின்றது. அந்த மூன்றாம் வகைக்கு எமது வீடுகளில் நாம் இடமே அளிப்பதில்லை.

உறங்காத ஊரில் அச்சம் எவ்வாறு பெருகும் என்பதை 2011 ஓகஸ்ட் மாதத்தில் கண்டோம். 'கிறீஸ் பூதம்' என்ற பீதி கிழக்கில் ஊர் ஊராகப் பரவிய அக்காலம் புனித ரமழானாகவும் இருந்தது. ஆண்கள் பொல்லுகளோடு தெருவில் காவல் நின்றனர். பெண்கள் உள்ளே விழித்திருந்தனர். அன்று நடந்தவை அனைத்தும் மனத்தோற்றமே என நாம் கூற வரவில்லை; மக்கள் முறையிட்டவற்றுக்கு முறையான பதில் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இன்னும் உண்டு. ஆனால், பல இரவுகள் உறங்காத மனிதர் கண்ணயரும் கணத்தில் யன்னலோரத்து நிழலொன்று உருவமாவதற்கு வேறெதுவும் தேவையில்லை என்பதையும் நாம் மறந்துவிட முடியாது. 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வெடியோசைகள் கேட்ட பின்னரும் இத்தகைய இரவுகள் தொடர்ந்தன.

இனிக் கடலைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், அதாவது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மருதமுனையும் பாண்டிருப்பும், கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும், காரைதீவும் நிந்தவூரும் அன்று ஒரே துயரில் மூழ்கின. மூன்று மாதங்கள் கழித்து, 2005 மார்ச் 28ஆம் திகதி இரவு பத்து மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. கரையோர மக்களை வெளியேறுமாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கண்ணயர்ந்த பிள்ளைகளைத் தோளிற் போட்டுக்கொண்டு மக்கள் இருளில் ஓடினர். அன்று அலை வரவில்லை. ஆனால், கண்ணயரும் நேரமும் பாதுகாப்பான நேரமன்று என்ற பாடத்தைப் பலரது உடல்கள் அன்றிரவு கற்றுக்கொண்டன.

கரையோர வீட்டை இழந்து உட்புறத்துக் குடியிருப்பொன்றுக்குச் சென்றவர் ஒருவரை நாம் சந்தித்ததுண்டு. கடலோசை எட்டாத இடம் அது. ஆயினும் ஒவ்வோர் இரவும் கண்களை மூடிய சில நிமிடங்களில் மின்விசிறியின் இரைச்சல் அலையின் இரைச்சலாக மாறும் என்றார். கையிலிருந்து நழுவிய ஒரு சிறு கையின் ஈரம் விரல்களில் தெரியும் என்றார். இருக்கையில் அமர்ந்தவாறே உறங்கப் பழகிக்கொண்டதாகக் கூறினார். மனைவியிடம் கூறினீர்களா என வினவியபோது, "அவவுக்கும் கேக்கும் எண்டு நினைக்கிறன், நாங்க கதைக்கிறல்ல" என்றார்.

டெட்ரிஸ் கட்டங்களைக் காட்டிய அதே வாயிலே இவருக்கு அலையைக் காட்டுகின்றது. ஆனால், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் தவறாகும். நெசவாளியின் பாவு நூல்கள் சில இரவுகளில் மறைந்துவிடும். அவற்றைக் கண்டு அவர் அஞ்சுவதில்லை. அலையோ ஆண்டுகள் கடந்தும் அதே உருவில் மீள்கின்றது, அதனைத் தவிர்க்க மனிதர் உறக்கத்தையே தவிர்க்கின்றனர், பகலிலும் கடற்கரைப் பக்கம் திரும்புவதில்லை, சிற்றோசைக்கும் திடுக்கிடுகின்றனர். இது பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு என வைத்தியர்கள் கூறும் நிலை. இது பைத்தியமன்று, ஈமானின் குறைவுமன்று. எலும்பு முறிந்து தவறாகப் பொருந்தியதைப் போன்ற ஒரு காயம். சிகிச்சைக்கு இடமளிக்கும் காயம்.

இலங்கையில் ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களின் சிறுவர்களிடையே நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு, இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரையிலான பிள்ளைகளிடம் இம்மனவடு இருந்ததாகக் கண்டது. எமது மாவட்டம் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. ஆறுதலான செய்தியும் உண்டு. போரும் அலையும் ஒருங்கே தாக்கிய வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு இரு விதமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு சாரார் தமது வாழ்க்கையையும் தாம் கண்ட கொடுமையையும் ஆதி முதல் வரிசையாக எடுத்துரைக்க உதவப்பட்டனர். மறு சாராருக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறே அமர்வுகள்தான். ஆறு மாதங்களின் பின்னர் முதற் சாராரில் 81 சதவீதமானோரும் இரண்டாம் சாராரில் 71 சதவீதமானோரும் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். 2009இல் வெளியான இம்முடிவு, எமது மண்ணின் பிள்ளைகளிடமே கண்டறியப்பட்டது என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது.

இங்கே மார்க்க உணர்வுள்ளோர் உள்ளத்தில் நியாயமான ஐயமொன்று எழக்கூடும். தீய கனவு கண்டால் இறைவனிடம் பாதுகாப்புத் தேட வேண்டும், மறுபுறம் திரும்பிப் படுக்க வேண்டும், பிறரிடம் அதனைக் கூறக் கூடாது என நாம் கற்பிக்கப்பட்டிருக்கின்றோம். அவ்வாறாயின் அலையைப் பற்றி எவ்வாறு வாய் திறப்பது? எமது புரிதல் இதுவே: கனவை ஊருக்குப் பரப்பிப் பலன் தேடுவது வேறு, கண்ணாரக் கண்ட பேரழிவு விட்டுச் சென்ற நோயை வைத்தியரிடம் கூறுவது வேறு. கையினின்று நழுவிய பிள்ளை கனவன்று; நடந்த உண்மை. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய மார்க்கம் இந்நோயை மட்டும் விலக்கி வைக்கவில்லை. இதனை எம்மைவிடத் தெளிவாக எடுத்துரைக்கக் கூடியவர்கள் ஆலிம்களே. ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தில் ஐந்து நிமிடங்கள் இதற்கென ஒதுக்கப்படுமாயின், நூறு கட்டுரைகள் செய்ய முடியாததை அது செய்யும்.

நடைமுறையில் செய்யக் கூடியவை எளியவையே. படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் இயன்றவரை ஒழுங்காக வைத்துக்கொள்ளுதல். படுக்கையில் கைத்தொலைபேசியைத் தவிர்த்தல். மாலைக்குப் பின்னர் கடும் தேநீரையும் கோப்பியையும் குறைத்தல். மல்லாந்து படுக்காது பக்கவாட்டில் சாய்தல் ஆகியன பெரும்பாலானோருக்குப் போதுமானவை. ரமழானில் ஸஹருக்கென உறக்கம் துண்டாகும்போது லுஹருக்கு அண்மித்த வேளையில் சிறிது கண்ணயர்வது நன்று. உடல் முடங்கிய நிலையில் விழித்துக்கொண்டவர், மூச்சு நிற்கவில்லை, இது சற்று நேரத்தில் விலகும் எனத் தமக்குள் கூறிக்கொண்டு, ஒரு விரலையோ கால் நுனியையோ அசைக்க முயன்றால் போதும்.

வைத்தியரை நாட வேண்டிய அறிகுறிகளையும் கூறியாக வேண்டும். முற்றாக விழித்திருக்கும் பகற் பொழுதிலும் உருவங்கள் தோன்றுதல் அல்லது குரல்கள் கட்டளையிடுதல். பகலில் அடக்க முடியாத உறக்கம் தாக்குதல், சிரிக்கும்போது முழங்கால்கள் திடீரெனத் தளர்தல். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல். கடந்த காலக் கொடுமையொன்று இரவு தோறும் அதே உருவில் மீளுதல். வாழ்வை வெறுக்கும் எண்ணம் எழுதல் ஆகியவற்றுள் எது இருப்பினும் தாமதிக்கலாகாது. இன்று உளநல வைத்திய சேவையைப் பெறக் கொழும்புக்குச் செல்ல வேண்டிய நிலை எமது பிரதேசத்தவருக்கு இல்லை. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் விசாரித்தால் வழி கிடைக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

அலையின்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பெற்றோராகியிருக்கின்றனர். தாம் நினைவில் வைத்திராத ஒன்றைத் தமது உறக்கம் மறக்கவில்லை என்பதை அவர்களுள் சிலர் அறியாமலேயே இருக்கக்கூடும். இன்றிரவு எமது வீட்டில் ஒருவர் திடுக்கிட்டு எழுந்தால், ஓதி ஊதுவோம், தண்ணீர் கொடுப்போம். அதனோடு நின்றுவிடாது, என்ன கண்டாய் என அன்போடு ஒரு கேள்வியையும் கேட்போம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கேள்விக்காகக் காத்திருப்பவர் அடுத்த அறையிலேயே இருக்கக்கூடும்.